திம்பத்துல மூச்சு வாங்குன வண்டி

பண்ணாரி செக்போஸ்ட் தாண்டி மேல ஏறுனா திம்பம் வரைக்கும் மொத்தம் 27 ஹேர்பின், அதுல ஒம்பதாவதுல வெச்சு வண்டி ஒக்காந்துருச்சு. முன்னாடி சிமெண்ட் லோடு லாரி ஒன்னு நடந்து போறவன் வேகத்துல ஏறிட்டு இருக்குது, ஒரு எடத்துல கொஞ்சம் கேப் கெடச்சுது, செகண்ட்ல போட்டு ஃபுல்லா மிதிச்சேன், விசில் சத்தத்தோட இழுத்துச்சு ஒரு ரெண்டு செகண்டு, அப்பறம் யாரோ பின்னாடி இருந்து சட்டையப் புடிச்சு இழுத்த மாதிரி டப்புன்னு செத்துருச்சு. மீட்டர்ல மஞ்சள் லைட்டு. ஆக்சிலேட்டர எவ்வளவு மிதிச்சாலும் ஒரே மொனகல்தான். பின் சீட்ல இருந்து அம்மா, "ஏன் கண்ணு, வண்டி ஒக்காந்துருச்சா"ன்னாங்க. யானை நடமாட்டம் இருக்கற எடம், எறங்கி நிக்கவும் பயம், ராத்திரி அந்த ரோட்ல வண்டி விட மாட்டாங்க, மணி நாலே முக்கால். ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் முருகா முருகான்னு ஒக்காந்திருந்துட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணா ஒன்னுமே நடக்காத மாதிரி ஏறுது. மிச்சம் 18 பெண்டும் ஜம்முன்னு ஏறிருச்சு.

இந்த "கொஞ்ச நேரம் நிறுத்துனா சரியாயிருது"ங்கறத மனசுல வெச்சுக்கங்க, மொத்தக் கதையும் அதுக்குள்ளதான் இருக்குது, எனக்குத்தான் அத புரிஞ்சுக்க நாலு மாசம் ஆச்சு.

வண்டி 2010 மாடல், 1.5 லிட்டர் டர்போ டீசல், காமன் ரெயில். கம்பெனி பேரு வேண்டாம், ஏன்னா இதுல வண்டி மேல தப்பு ஒன்னும் இல்ல, வயசுதான். 15 வருசம் முடிஞ்சு ஆர்சி ரினீவல் பண்ணி இன்னும் அஞ்சு வருசத்துக்கு பேப்பர் கையில இருக்குது. வீட்ல "இத குடுத்துட்டு வேற பாக்கலாமுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் இருக்காங்க, நாந்தான் கேக்கல. ஹைவேஸ்ல இன்னும் லிட்டருக்கு 20 குடுக்கற வண்டிய எந்த மனசோட விக்கறது.

உண்மையச் சொன்னா திம்பத்துக்கு முன்னாடியே வண்டி சிக்னல் குடுத்துட்டுத்தான் இருந்துச்சு. காலைல மொத ஸ்டார்ட்டுக்கு அஞ்சாறு செகண்டு செல்ஃப் அடிக்க வேண்டி வந்துச்சு, முன்னாடியெல்லாம் தொட்டா புடிக்கும். பேட்டரி வீக்குன்னு நெனச்சு பேட்டரி மாத்துனேன், செல்ஃப் வேகமா சுத்துச்சே ஒழிய புடிக்கற நேரம் கொறையல. இன்னொரு விசயம், எங்க வீட்டு போர்ட்டிகோ ரோட்டுல இருந்து மேடா ஏறும், மூஞ்சி மேல தூக்குன மாதிரிதான் வண்டி நிக்கும். மாமனார் வீட்ல சமதரையில ஒரு ராத்திரி நின்னுச்சுன்னா காலைல ஒரே அடியில ஸ்டார்ட் ஆவும். அத நான் என்னன்னு நெனச்சேன்னா, அவங்க ஊரு கொஞ்சம் சூடு, அதனாலன்னு. மூணாவது, டீசல் அடிச்ச அன்னைக்கு வண்டி நல்லா இழுக்கும். குறிப்பா சத்தி ரோட்ல ஒரு பங்க்ல அடிச்சா. "அவங்கிட்ட சரக்கு சுத்தம்"னு நாலு பேருகிட்ட சொல்லி வேற வெச்சிருந்தேன்.

திம்பத்துல இருந்து வந்த மறுநாளே ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்கு கொண்டு போனேன், பேரு வேண்டாம். ஸ்கேனர் போட்டாங்க, ரெண்டு எரர் கோடு (code): பி 0087, பி 0299. மொதோது ரெயில் பிரஷர், அதாவது இஞ்சக்டருக்குப் போற டீசலோட அழுத்தம், பத்தலைங்கறது, ரெண்டாவது டர்போ பூஸ்ட், அதாவது டர்போ உள்ள தள்ளற காத்து, பத்தலைங்கறது. அட்வைசர் தம்பி ரெண்டாவத மட்டும் வட்டம் போட்டு "டர்போ போச்சுங்க சார்"னான். மொதோது என்னப்பான்னேன். "அது டர்போ மாத்துனா போயிரும், ஐடிலிங்ல ரெயில் பிரஷர் 280 பார் இருக்கு, பக்காவா இருக்கு"ன்னு ஸ்கிரீன காட்டுனான். எஸ்டிமேட் 38,000, அதுவும் ரீகண்டிஷன் டர்போவுக்கு.

நான் மெக்கானிக் இல்ல, கோபில ஒரு கடை வெச்சிருக்கறவன். ஆனா 38,000ன்னதும் எனக்குள்ள ஒரு இஞ்சினியர் முழிச்சுக்கிட்டான். அன்னைக்கு ராத்திரியே ஒக்காந்து இது எப்படி வேலை செய்யுதுன்னு படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல புரிஞ்சத எனக்குத் தெரிஞ்ச பாசைல சொல்றேன்.

காமன் ரெயில்னா நாலு இஞ்சக்டருக்கும் பொதுவா ஒரு தடிமனான கொழாய், அதுல எந்நேரமும் அழுத்தத்தோட டீசல் நின்னுட்டே இருக்கும், கம்ப்யூட்டர் சொல்றப்ப இஞ்சக்டர் தொறந்து மூடும், அவ்வளவுதான். 1997ல ஆல்ஃபா ரோமியோ 156ல மொதமொத கார்ல வந்த டெக்னாலஜி, அதுக்கு முன்னாடியெல்லாம் பம்ப்பே ஒவ்வொரு சிலிண்டருக்கும் அடிச்சு விடும். ஐடிலிங்ல, அதாவது வண்டி நின்ன எடத்துல சும்மா ஓடறப்ப, அந்த ரெயில்ல ஏறக்கொறைய 250, 300 பார் இருந்தா போதும். கார் டயர்ல இருக்கறது ரெண்டேகால் பார், அத வெச்சு கணக்குப் பண்ணிக்கங்க. மேட்டுல ஃபுல்லா மிதிக்கறப்ப இதே ரெயில்ல ஆயிரத்துக்கு மேல வேணும், என் வண்டி வயசு வண்டிகள்ல உச்சம் 1,400, 1,600 வரைக்கும் போவும். அப்ப ஐடிலிங்ல 280 இருக்குன்னு சொல்றது, நாற்காலில ஒக்காந்திருக்கறவனுக்கு நாடி புடிச்சு பாத்துட்டு இவன் பழனி மலை ஏறுவான்னு சொல்ற மாதிரி.

அடுத்தது இந்த டர்போ விசயம். டர்போங்கறது தானா சுத்தறதில்ல, புகையோட வேகத்துலதான் சுத்துது. டீசல் நெறைய எரிஞ்சா புகை வேகமா வரும், டர்போ வேகமா சுத்தும், காத்து நெறைய உள்ள போவும். டீசல் பத்தலைன்னா புகைல வலு இல்ல, டர்போ சுத்தாது, பூஸ்ட் வராது. அப்ப கம்ப்யூட்டர் என்ன எழுதும்? ரெயில் பிரஷர் பத்தலன்னும் எழுதும், பூஸ்ட் பத்தலன்னும் எழுதும். பசிக்கிறவன் மெதுவா நடந்தா கால்ல வியாதின்னு சொன்ன கதைதான். அதுக்குன்னு பி 0299 வந்தா டர்போ எப்பவும் நல்லாத்தான் இருக்கும்னு நான் சொல்லல, ஹோஸ் கிழிஞ்சும் வரும், டர்போவே செத்தும் வரும். ஆனா ரெண்டு கோடும் ஜோடியா வந்தா எது மொதல்ல விழுந்துச்சுன்னு பாக்கணும். இன்னொரு அடையாளம் புகை. டர்போ பக்கமோ காத்து ஹோஸோ லீக்குன்னா டீசல் போவுது காத்து பத்தல, பழைய வண்டின்னா பெரும்பாலும் பின்னாடி கருப்பா கக்கும். டீசலே பத்தலைன்னா புகையே இருக்காது, சும்மா செத்த மாதிரி போவும். என் வண்டில பின்னாடி வந்த மச்சான வெச்சு பாக்கச் சொன்னேன், "மாமா, ஒரு பொட்டு புகை இல்ல"ன்னான். டர்போவுக்குப் போற காத்து ஹோஸ கழட்டி உள்ள விரல விட்டு தண்டு ஆடுதான்னு நானே ஆட்டிப் பாத்தேன், இஞ்சின் ஆறுனதுக்கப்பறம்தான், ஆட்டம் இல்ல, எண்ணெய் ஈரம் மட்டும் லேசா, இந்த வயசுக்கு அது சகஜம்.

அப்பறம் ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள், அதாவது வண்டி கம்ப்யூட்டர் சொல்றத ஃபோனுக்கு அனுப்பற சின்ன டப்பா, வாங்குனேன், ஆயிரம் ரூபா கூட இல்ல, ஃபோன்ல டார்க்னு (Torque) ஒரு ஆப் போட்டா ரெயில் பிரஷர் ஓடறப்பவே தெரியும். அதுல கிலோ பாஸ்கல்ல காட்டும், கடைசி ரெண்டு சைபர வெட்டிட்டா பார். வண்டிய ஓட்டிட்டே ஃபோன பாக்காதீங்க, பக்கத்துல ஒருத்தர ஒக்கார வெச்சு பாக்கச் சொல்லுங்க, நான் எம் பையன ஒக்கார வெச்சேன், அவன் கிரிக்கெட் கமெண்ட்ரி மாதிரி சொல்லிட்டு வந்தான். "அறுநூறு, எட்டுநூறு, தொள்ளாயிரம், அப்பா எறங்குது, எழுநூறு, அப்பா அஞ்சுநூறு!" லைட்டு வந்துருச்சு. மிதிக்க மிதிக்க ஏற வேண்டியது எறங்குது. அன்னைக்கே டர்போ சந்தேகம் எனக்கு முக்காவாசி போயிருச்சு.

சரி, டீசல் பத்தலைன்னா மொதல்ல ஃபில்டர். மாத்துனேன். ஃபில்டர் அடியில இருக்கற தண்ணி ஸ்க்ரூவ தொறந்து, வந்தத ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பால புடிச்சு வெயில்ல வெச்சு ஆட்டிப் பாத்தேன். தண்ணி இருந்தா அடியில தனியா முத்து முத்தா நிக்கும், சொட்டு மாதிரி ரெண்டு இருந்துச்சு, பயப்படற அளவுக்கு இல்ல. முக்கியமா பாத்தது மினுமினுப்பு. பம்ப் தேஞ்சா இரும்புத்தூள் டீசல்ல கலந்து ஜரிகை மாதிரி மினுங்கும், அது இருந்துச்சுன்னா செலவு லட்சத்துக்குப் பக்கம், ஏன்னா பம்ப், ரெயில், நாலு இஞ்சக்டர், டேங்க் வரைக்கும் எல்லாம் கழுவணும் இல்ல மாத்தணும். காந்தம் வேற விட்டுப் பாத்தேன். ஒன்னும் இல்ல. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்.

மறுநாள் காலைல வண்டி ஸ்டார்ட்டே ஆவல.

ஃபில்டர் மாத்துனதுக்கு முன்னாடி ஆறு செகண்டு, மாத்துனதுக்கப்பறம் அரை நிமிசம். கை பம்ப்ப, அதான் ரத்தக்கொதிப்பு பாக்கற மெசின்ல இருக்குமே அது மாதிரி கருப்பு ரப்பர் பல்பு, அத இருவது தடவ அமுக்குனாத்தான் புடிக்குது. அமுக்க அமுக்க அது கல்லு மாதிரி கெட்டியாவணும், என்னோடது கெட்டியாவவே இல்ல, பழுத்த தக்காளி மாதிரி கொழகொழன்னே இருந்துச்சு. நான் என்னமோ கெடுத்துட்டேன்னு பயந்து ஒரு டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்கு கட்டி இழுத்துட்டுப் போனேன். அங்க பாத்தவரு பானட்டத் தொறந்து ஒரு நிமிசம் கூட ஆவல, "பம்பு, நாலு நாசிலும் கழட்டி பெஞ்ச்ல ஏத்தணுங்க, அறுவதாயிரம் வெச்சுக்கங்க"ன்னாரு. கழட்டறதுக்கு முன்னாடி ஏதாச்சும் பாக்கலாமாங்கன்னேன். "கழட்டாம எப்படிங்க பாக்கறது"ன்னாரு. நியாயமான கேள்விதான், ஆனா பதில் இருக்குது அந்தக் கேள்விக்கு.

பதில் வெச்சிருந்தவரு கவுந்தப்பாடி பக்கம் தகர ஷெட்ல டிராக்டர் வேலை பாக்கற ஒரு அண்ணன். மச்சானோட டிராக்டருக்கு அவர்தான் வைத்தியர். வண்டியப் பாத்துட்டு, கோடு என்னன்னு கேக்கல, "காலைல மூஞ்சி மேட்டுல நிக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. எனக்கு ஜோசியக்காரங்கிட்ட போன மாதிரி ஆயிருச்சு. ஆமாங்ணான்னேன். "காத்து எடுக்குதுங்க. ராத்திரியெல்லாம் டீசல் டேங்க்குக்கு திரும்பி வழிஞ்சிருது, காலைல பம்ப்பு காத்தக் குடிச்சுட்டு கெடக்குது."

எங்கியும் ஒழுகலயேண்ணா, தரை காஞ்சு கெடக்குதேன்னேன். அதுக்கு அவரு சொன்னதுதான் நான் இத எழுதறதுக்கே காரணம். டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் இருக்கற லைன் உறிஞ்சற லைன், உள்ள அழுத்தம் வெளிய இருக்கறத விட கொறைவு. அதனால அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போவும். ஸ்ட்ரால ஊசி ஓட்டை போட்டுட்டு எளநி குடிச்சா எளநி ஒழுகுமா? ஒழுகாது, ஆனா எளநியும் வராது. தரை காஞ்சு கெடக்கறதாலயே லீக் இல்லைன்னு முடிவு பண்ணிருவாங்க, நேரா பம்ப்ப கழட்டிருவாங்க. அதுல இன்னொரு ஆபத்து என்னன்னா இந்தப் பம்ப்புக்கு தனியா ஆயில் கெடையாது, டீசலேதான் அதுக்கு ஆயில். காத்தக் குடிச்சுட்டு ஓடுனா உள்ள இரும்போட இரும்பு தேயும், நான் ஐஸ்கிரீம் டப்பால தேடுனேனே அந்த ஜரிகை வர ஆரம்பிக்கும். பத்து ரூபா ரப்பர்ல ஆரம்பிச்சு லட்ச ரூபாய்ல முடியற வழி அதுதான்.

அண்ணன் பண்ண வேலை இப்படி. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவுல இருக்கற ஹோஸ கழட்டிட்டு ஒரு முழம் கண்ணாடி மாதிரி தெரியற டிரான்ஸ்பரண்ட் ஹோஸ சொருகி கிளிப் போட்டாரு. ஸ்டார்ட் பண்ணோம். குனிஞ்சு பாத்தா கோலி சோடா ஒடச்ச மாதிரி பொடிப் பொடியா குமிழி ஓடுது. ஆக்சிலேட்டர லேசா குடுத்தா பொடிக் குமிழியெல்லாம் சேந்து பட்டாணி சைஸ்ல ஒன்னு உருண்டு போவுது. அத என் கண்ணால பாத்தப்ப வந்த சந்தோசம் இருக்கே, வியாதி கண்டுபுடிச்சதுக்கு யாராச்சும் சிரிப்பாங்களா, நான் சிரிச்சேன். இந்த டெஸ்டுக்கு மீன் தொட்டி ட்யூப் போட்டும் சில பேரு பாக்கறாங்க, அஞ்சு நிமிசத்துக்கு தாங்கும், அப்படியே விட்டுட்டு ஊருக்குப் போயிராதீங்க, டீசல்ல ஊறி மெதுவாயிரும், கழண்டா சூடான இஞ்சின் மேல ஊத்தும்.

குமிழி இருக்குது, எங்க இருந்து வருது? அதுக்கும் அவருகிட்ட கழட்டாத வழி. ரெண்டு லிட்டர் கேன்ல சுத்தமான டீசல ஊத்தி பானட் கொக்கில தொங்க விட்டாரு, அதுல இருந்து ஒரு ஹோஸ் நேரா பம்ப்புக்கு, ரிட்டர்ன் ஹோஸும் அதே கேன்லயே. இப்ப டேங்க், அடியில ஓடற பைப், ஃபில்டர் எதுவுமே இல்ல, கேன், பம்ப், அவ்வளவுதான். ஸ்டார்ட் பண்ணா ஒரு குமிழி இல்ல, கண்ணாடி மாதிரி போவுது, பட்டுன்னு புடிக்குது. அந்த ஒரு நிமிசத்துல அறுவதாயிரம் மிச்சம். அடுத்தது கேன ஃபில்டருக்கு முன்னாடி மாட்டுனாரு, இப்ப ஃபில்டர் வழியா வருது. குமிழி திரும்ப வந்துருச்சு. அப்ப கோளாறு ஃபில்டர்லயோ அதோட ரெண்டு மூட்டுலயோதான். ஃபில்டர் மேல கிளிக்குன்னு மாட்டற கனெக்டர கழட்டி உள்ள இருந்து ஓ-ரிங்க, அதான் மூட்ட அடைக்கற ரப்பர் வளையத்த, ஊசியில எடுத்து உள்ளங்கையில வெச்சு காட்டுனாரு. ரிங்குன்னா உருண்டையா இருக்கணும், இது சப்பையா தட்டையா, நகத்த வெச்சு அழுத்துனா பள்ளம் விழல, பக்கோடா மாதிரி வெறப்பு. ஒரு எடத்துல முடி மாதிரி கீறல். 15 வருசமா ஒரே எடத்துல படிஞ்சு கெடந்தவரைக்கும் ஏதோ சமாளிச்சுட்டு இருந்துச்சு, நான் ஃபில்டர் மாத்தறேன்னு கழட்டி ஆட்டி மாட்டுனதுல மிச்ச உசுரும் போயிருச்சு. வைட்டான்னு (Viton) டீசலுக்கு தாங்கற ரப்பர்ல ரிங் ரெண்டு போட்டாரு, ஒன்னு நாப்பது ரூபா. சாதா ரப்பர் வேண்டாமுங்க டீசல்ல ஊதிரும்னாரு. கை பம்ப்பும் உள்ள வால்வு வீக்குன்னு புதுசு போட்டாச்சு.

பேச்சோட பேச்சா அவரு "இந்தப் புது டீசல் வந்ததுல இருந்துதாங்க ரப்பரெல்லாம் சீக்கிரம் போவுது"ன்னாரு. அவரு சொல்றது சல்ஃபர் கொறச்ச டீசல. இந்த வண்டி வாங்குனப்ப நம்ம கோபி பக்கம் கெடச்சது பிஎஸ் 3 டீசல், சல்ஃபர் 350 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 350 பங்கு, 2017ல அது 50 ஆச்சு, 2020 ஏப்ரல்ல இருந்து 10. அமெரிக்காவுல 1993ல சல்ஃபர் கொறச்ச டீசல் வந்தப்ப பழைய ரப்பர் சீல் சுருங்கி ஒழுகுன கதை நெசமாவே உண்டு. ஆனா என் ரிங்குக்கு அதுதான் காரணம்னு நான் நெனைக்கல, 15 வருசம் பானட்டுக்குள்ள வெந்தா மனுசனே பக்கோடா ஆயிருவான்.

போறதுக்கு முன்னாடி இஞ்சக்டரையும் ஒரு கை பாத்தரலாம்னு அவரே சொன்னாரு. ஒவ்வொரு இஞ்சக்டருக்கும் மேல ஒரு ரிட்டர்ன் முனை இருக்கும், நாலுலயும் ஒரு ட்யூப் சொருகி நாலு சின்ன தண்ணி பாட்டில்ல விட்டு மூணு நாலு நிமிசம் ஐடிலிங்ல ஓட்டணும். நாலும் ஏறக்கொறைய சமமா ரொம்புனா சரி, ஒன்னு மட்டும் மத்தத விட ரெண்டு மூணு மடங்கு ரொம்புனா அது உள்ள தேஞ்சு டீசல பின்னாடி விடுது, ரெயில்ல பிரஷர் நிக்காததுக்கு அதுவும் காரணமாவும். என்னோடது மூணு சமம், நாலாவது அரை விரக்கடை ஜாஸ்தி. "இன்னும் ரெண்டு வருசம் ஓட்டுங்க"ன்னாரு. மாத்தறதா இருந்தா அந்த ஒன்ன மட்டும் மாத்துனா போதும், ஆனா புது இஞ்சக்டர் மேல அச்சடிச்சிருக்கற கோட ஸ்கேனர்ல கம்ப்யூட்டருக்கு ஏத்தணும், ஏத்தாம விட்டா வண்டி ஒதறும்.

ஒன்னு மட்டும் கத்திச் சொல்றேன். பழைய டிராக்டர், லாரில பம்ப் பைப் நட்ட 17 ஸ்பானர்ல லூஸ் பண்ணி ஏர் எடுப்பாங்க, பாத்திருப்பீங்க. காமன் ரெயில்ல இஞ்சின் ஓடறப்ப அந்த இரும்பு பைப்புல கை வைக்கவே கூடாது. நூத்துக்கணக்கான பார்ல வர்ற டீசல் ஊசி மாதிரி தோலுக்குள்ள பூந்துரும், வெளிய பாத்தா கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும், உள்ள சதை செத்துரும், வெரல எடுக்கற வரைக்கும் போவும். அப்படி பட்டுச்சுன்னா தொடைச்சுட்டு வீட்டுக்குப் போவாதீங்க, நேரா ஆஸ்பத்திரி. நான் மேல சொன்னதெல்லாம் ரப்பர் ஹோஸ் இருக்கற பக்கம் மட்டும்.

வண்டி காலைல தொட்டா புடிக்குது. இங்கயே கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன், நீங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

மூணு வாரம் கழிச்சு தாளவாடில ஒரு விசேசம். மறுபடி திம்பம். இந்தத் தடவ பதினாலாவது பெண்டு. அதே மஞ்சள் லைட்டு, அதே மொனகல், பையன் "அப்பா அஞ்சுநூறு!" எனக்கு வந்த கோவத்துக்கு வண்டிய அப்படியே உருட்டி விட்டரலாமான்னு இருந்துச்சு. ஓரங்கட்டிட்டு ஒக்காந்து யோசிச்சேன். காலைல ஸ்டார்ட்டிங் சரியாயிருச்சு, அப்ப காத்து இல்ல. வீட்ல இருந்து கெளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு. ஊருக்குள்ள ஓட்டறப்ப ஒன்னும் பண்றதில்ல. நிறுத்துனா சரியாவுது. டீசல் அடிச்சா சரியாவுது.

டீசல் அடிச்சா.

டீசல் அடிக்கறப்ப என்ன பண்றோம்? மூடியத் தொறக்கறோம்.

எறங்கிப் போய் டேங்க் மூடியத் திருப்புனேன். புஸ்ஸுன்னு நல்லா ரெண்டு செகண்டு காத்து உள்ள இழுத்துச்சு, குக்கர் வெயிட்ட எடுத்த மாதிரி, ஆனா தலைகீழா. பக்கத்துல நின்ன பையன் "அப்பா, டேங்க் மூச்சு விடுது"ன்னான். விடலடா, இழுக்குது. மூடிய லூசா விட்டு ஒரு துணியக் கட்டிட்டு ஏறுனோம், 27 வரைக்கும் ஆயிரத்துக்கு மேல நின்னுச்சு பிரஷர், எறங்கவே இல்ல. அதாவது டீசல் கொறையக் கொறைய அந்த எடத்துக்கு வெளிய இருந்து காத்து வரணும், அதுக்குன்னு டேங்க்ல ஒரு பிரீதர் இருக்கும். அது அடைச்சிருந்தா டேங்க்குக்குள்ள வெற்றிடம் சேந்துட்டே போவும், பம்ப்பு ஒரு பக்கம் இழுக்கும், டேங்க் மறுபக்கம் இழுக்கும். ஊருக்குள்ள கொஞ்சமா குடிக்கறப்ப தெரியாது, மேட்டுல டர்போ பூஸ்ட்டோட டீசல் கேக்கறப்பதான் தோக்கும். நிறுத்தி வெச்சா மெல்ல மெல்ல எங்கியாச்சும் கசிஞ்சு காத்து உள்ள வந்து சரியாயிரும். அந்த ஓ-ரிங் அவ்வளவு சீக்கிரம் தோத்ததுக்கும் இதுவே ஒரு காரணமா இருக்கலாம், டேங்க் விடாம இழுத்துப் புடிச்சா பம்ப்பு இன்னும் பலமா உறிஞ்சும், எந்த மூட்டு வீக்கோ அது வழியா காத்து வரும். ராத்திரி டீசல் டேங்க்குக்கு வழிஞ்சதுலயும் அந்த இழுப்புக்கு பங்கு இருக்கும். சத்தி ரோட்டு பங்க்குக்காரரு சரக்கு சுத்தம்தான், ஆனா வண்டி இழுத்ததுக்கு காரணம் அவரு இல்ல, அவரு பையன் மூடியத் தொறந்தது.

கவுந்தப்பாடி அண்ணன் ஷெட்ல பின் சக்கரத்த கழட்டி பிளாஸ்டிக் லைனர எடுத்துட்டு பிரீதர் ஹோஸ் முனையப் பாத்தா சுத்தமா மண்ணு வெச்சு அடைச்சிருக்குது. மண்குளவி. ஒரு ஸ்க்ரூ டிரைவர்ல குத்துனதும் கல்லு மாதிரி ஒரு துண்டு மண்ணும், கூடவே காஞ்ச செலந்தி நாலஞ்சும் வந்து விழுந்துச்சு. குஞ்சுக்கு சாப்பாடு கட்டி வெச்சிருக்குது பாருங்க. அண்ணன் இதுக்கு காசே வாங்கல, டீ மட்டும் வாங்கிக் குடுங்கன்னாரு.

டீசல் கதையாவே சொல்லிட்டேன், பழைய பெட்ரோல் டர்போ வெச்சிருக்கறவங்க இத விட அவசரமா பாக்கணும். டீசல் வண்டில டீசல் பத்தலைன்னா இழுவைதான் கொறையும், காத்தக் குடிச்சா பம்ப்பு தேயுமே ஒழிய இஞ்சினுக்கு ஒன்னும் ஆவாது. பெட்ரோல்ல பூஸ்ட் ஏறி காத்து நெறைய உள்ள போயி பெட்ரோல் பத்தலைன்னா சூடு ஏறும், நாக்கிங் வரும், அதான் இஞ்சினுக்குள்ள கிணுகிணுன்னு தட்டற சத்தம், பிஸ்டன்ல ஓட்டை விழற வரைக்கும் போவும். பழைய வண்டிகள்ல பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்ட்ல, அதாவது இஞ்சினுக்கு காத்து போற கொழாய்ல, இருந்து ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் வரும், பூஸ்ட் எவ்வளவு ஏறுதோ அவ்வளவு பெட்ரோல் பிரஷரும் ஏறணும்னு. அந்த ஹோஸ் வெடிச்சாலோ கழண்டாலோ ஏறாது. மேட்டுல கிணுகிணுன்னு சத்தம் கேட்டா கால எடுத்துருங்க, அப்பறம் தேடிக்கலாம்.

பிரீதர் முனைக்கு இப்ப சின்னதா ஒரு கம்பி வலை கட்டி விட்டிருக்கறேன், காத்து வரும், குளவி வராது. மொத ஒர்க்ஷாப்ல இருந்து அந்த அட்வைசர் தம்பி இன்னும் மாசம் ஒருக்கா ஃபோன் பண்றான், "சார், டர்போ ஸ்டாக் வந்திருக்கு"ன்னு. போன ஞாயித்துக்கெழமை வண்டி கழுவிட்டு இருக்கறப்ப பாத்தேன், எடது பக்க சைடு மிரர் கூட்டுக்குள்ள ஒருத்தி புதுசா மண்ணு கொண்டாந்து வெச்சுட்டு இருக்கா. அது மிரர்தான, இருந்துட்டுப் போவட்டும்னு அந்தப் பக்கம் மட்டும் கழுவாம விட்டுட்டேன்.